குடிநீர்க் குழாய்கள் பற்றிய ஒரு நிதானமான படம்

"இந்தக் குழாய்ப் படத்தையே தொடக்க விழாவுல போட்டுடலாம்," என்றார் தலைவர்.

செயலாளரின் வாயில் அப்போது ஒரு மடக்குக் காபி இருந்தது. அதை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். தலைவர் கையில் விழாக் கையேட்டின் அச்சுப்படி. பதினான்காம் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டிருந்தார்.

"எந்தப் படம் சார்?" என்று தெரியாதவர் போலக் கேட்டார் செயலாளர்.

தலைவர் சத்தமாகவே படித்தார். 'ஒரு மலைநகரத்தின் குடிநீர்க் குழாய்களில் ஏற்படும் கசிவுகளையும், அவற்றை அடைக்கும் முறைகளையும் விரிவாகக் காட்டும், நிதானமாக நகரும் படம்.' படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குடிநீர் வாரியத்தில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்துத் தலைமைப் பொறியாளராக ஓய்வு பெற்றவர் அவர். திரைப்படச் சங்கத்துக்குத் தலைவராகி இரண்டு வருடம்தான் ஆகிறது. கையேட்டுக்கு அந்தச் சுருக்கத்தை எழுதும்போது இந்த விவரம் செயலாளருக்கு ஞாபகம் வராமல் போனது. சனி பிடிக்கும்போது இப்படித்தான் பிடிக்கும்.

திரைப்படச் சங்கத்தில் அவர் பதினெட்டு வருடமாகச் செயலாளர். பகலில் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. இழப்பீடு கேட்டு வரும் மனுக்களைப் படித்து, எவன் உண்மை சொல்கிறான், எவன் புளுகுகிறான் என்று ஓரத்தில் குறிப்பெழுத வேண்டும். மீதி நேரமெல்லாம் சங்கம். வருடத்துக்கு ஒரு முறை நூலக அரங்கில் ஏழு நாள் உலகத் திரைப்பட விழா நடக்கும். படங்களை வரவழைப்பதும், முன்னதாகப் பார்ப்பதும், கையேட்டுக்குக் கதைச்சுருக்கம் எழுதுவதும் அவர் பொறுப்பு. மற்ற உறுப்பினர்கள் விழாவன்று வந்து நாற்காலி சரியில்லை என்று குறை சொல்வார்கள்.

இருபத்தெட்டுப் படங்களில் ஒன்று, ஒன்றே ஒன்று, ஆணும் ஆணும் காதலிக்கிற படமாக இருக்கும். ஒரு வருடம் தீவு ஒன்றிலிருந்து வரும், ஒரு வருடம் பாலைவனத்திலிருந்து வரும். அதற்குச் சுருக்கம் எழுதுவதில் செயலாளர் காட்டிய திறமையை வேறு எதிலாவது காட்டியிருந்தால் அலுவலகத்தில் இந்நேரம் மேலாளராகியிருப்பார். அதில் ஒரு வரிகூடப் பொய் இருக்காது. படிக்கிறவன் வரவும் மாட்டான். இரண்டு மீனவர்களின் படம் என்றால் 'வலை பின்னும் தொழிலின் பொருளாதாரச் சிக்கல்கள்.' இரண்டு ஆசிரியர்களின் படம் என்றால் 'கல்வி நிர்வாகம் குறித்த அலசல்.' கடைசியில் மறக்காமல் 'நிதானமாக நகரும் படம்.' நேரம், வியாழக்கிழமை காலை பதினொரு மணி.

நானூறு பேர் உட்காரும் அரங்கத்தில் ஆறு பேர் வருவார்கள். எப்போதும் அதே ஆறு ஆண்கள். ஒருவர் மழை இல்லாத நாளிலும் குடையோடு வருவார். ஒருவர் மருந்துக்கடையின் வெள்ளை மேலங்கியோடு, கடையைப் பூட்டிவிட்டு வந்த அவசரத்தில் வருவார். ஒவ்வொருவரும் ஒரு மூலையில், முடிந்த அளவு தூரமாக உட்கார்வார்கள். 'நிதானமாக நகரும் படம்' என்றால் என்ன என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, அவர்களாகவே கண்டுபிடித்தார்கள். பதினெட்டு வருடத்தில் அவர்களில் ஒருவரும் செயலாளரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் கதவருகே ஏழாவது ஆளாக உட்கார்ந்திருப்பார். மற்ற நாளெல்லாம் அந்த இரண்டு மணி நேரத்துக்காகக் காத்திருந்ததுதான்.

அவரும் காதலித்தவர்தான். இருபத்துநான்கு வயதில் ஒருவனைக் காதலித்தார், பிறகு பயந்தார், பிறகு கல்யாணம் செய்துகொண்டார். அவருடைய கதைச்சுருக்கம் அவ்வளவுதான்.

இந்த வருடப் படம் ஒரு பனி தேசத்திலிருந்து வந்தது. குளிரில் குழாய்கள் வெடிக்கின்றன, அடைக்க இரண்டு தொழிலாளிகள் வருகிறார்கள், கசிவு நிற்கிறது, அவர்கள் இருவரும் நிற்கவில்லை.

"சார், ரொம்ப மெதுவான படம். ரெண்டேகால் மணி நேரம்," என்றார் செயலாளர்.

"குழாய் வேலை என்ன அவசரத்துலயா நடக்கும்?"

"தொடக்க விழான்னா ஜனங்க வருவாங்க. அவங்களுக்கு ஏத்த மாதிரி ஏதாவது..."

"அதுக்குத்தான் சொல்றேன்," என்றார் தலைவர். "இந்த மாதிரிப் படத்தையெல்லாம் வியாழக்கிழமை காலையில ஆறு பேருக்குப் போட்டுட்டுக் கதவைச் சாத்திடறோம். தப்பில்லையா அது?"

செயலாளர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். ஆறு பேர் என்று இந்த மனிதருக்கு எப்படித் தெரியும்? பிறகு வருகைப் பதிவேடு ஞாபகம் வந்தது. பொறியாளர் அல்லவா, எதையும் எண்ணிப் பார்த்திருப்பார் என்று சமாதானம் செய்துகொண்டார். ஆனால் குழாய்ப் படம் வியாழக்கிழமையிலிருந்து சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு நகர்ந்துவிட்டது.

இரண்டு நாள் யோசித்துவிட்டு, படத்துக்கு எழுத்து வரவில்லை என்று சொல்லிப் பார்த்தார். அதாவது திரைக்கு அடியில் ஓடும் மொழிபெயர்ப்பு இல்லை, பேசுவது ஒரு அட்சரம் புரியாது, எனவே வேறு படம் போடலாம். தலைவர் கொஞ்சமும் அசரவில்லை. அந்த மொழி தெரிந்த பேராசிரியர் ஒருவர் தனக்குத் தெரியும் என்றும், மேடை ஓரத்தில் மைக் முன்னால் உட்கார்ந்து வரிக்கு வரி தமிழில் சொல்லிவிடுவார் என்றும் சொன்னார். குரல் கணீரென்று இருக்குமாம்.

அன்று முழுக்கச் செயலாளருக்கு அலுவலகத்தில் வேலை ஓடவில்லை. அந்தப் படத்தின் அறுபத்தைந்தாவது நிமிடத்தில், குழாய்ப் பள்ளத்துக்குள் நின்றுகொண்டு ஒருவன் இன்னொருவனிடம் சொல்லும் வரிகளை அவர் மனப்பாடமாக வைத்திருந்தார். அதைக் கணீர்க் குரலில் ஒரு பேராசிரியர் நானூறு பேருக்கு ஒலிபெருக்கியில் சொல்வதைக் கற்பனை செய்ததும் காதெல்லாம் சூடாகிவிட்டது. மாலையே தலைவருக்குப் போன் செய்து, எழுத்து கிடைத்துவிட்டது, டிஸ்க்கிலேயே இருந்திருக்கிறது, நான்தான் கவனிக்கவில்லை என்று அசடு வழிந்தார்.

"நல்லதாப் போச்சு. மைக்குல சொன்னா அழகு கெட்டுடும்," என்றார் தலைவர்.

அதற்குள் தலைவர் வாரியத்தின் பழைய சகாக்கள் எல்லோரையும் அழைத்துவிட்டார். குழாய்ப் பணியாளர் சங்கத்துக்கு ஐம்பது இருக்கை ஒதுக்கியாயிற்று. செயலாளரின் வீட்டுக்கும் தலைவரே போன் செய்து, கட்டாயம் வர வேண்டும் என்று அவர் மனைவியிடம் சொல்லியிருந்தார். அவரை இத்தனை வருடமாகத் திரைப்பட விழாவுக்கு வரவிடாமல் வைத்திருக்கச் செயலாளர் பட்ட பாடு கொஞ்சமல்ல. எல்லாப் படமும் அழுகை, எல்லாப் படமும் அறுவை, உனக்குத் தலைவலி வரும் என்று சொல்லிச் சொல்லியே காலத்தை ஓட்டியிருந்தார்.

"பைப்பு படம்னு சொல்லியிருந்தா என்னிக்கோ வந்திருப்பேனே," என்றார் மனைவி. "நம்ம வீட்டுக் குழாய் ரெண்டு மாசமா ஒழுகுது. நீங்களும் பாக்கறீங்க, நானும் பாக்கறேன்."

இனி பாதி உண்மையையாவது சொல்லிவிடுவோம் என்று துணிந்து, மறுநாள் தலைவர் வீட்டுக்கே போனார் செயலாளர். தலைவர் வீட்டில் தனியாக இருந்தார். மனைவி இறந்து நாலு வருடம். கூடத்தில் இரண்டு படுக்கை விரிப்புகளைக் காயப்போட்டிருந்தார்.

"சார், படத்துல சில காட்சிகள் இருக்கு. குழந்தைங்க, குடும்பம் எல்லாம் வர்ற இடம். கொஞ்சம் ஒரு மாதிரி இருக்கும்."

தலைவர் அவரையே பார்த்தார். அது எந்த மாதிரி என்று கேட்பார், கேட்டால் என்ன சொல்வது என்று செயலாளர் யோசித்துக்கொண்டிருந்தார். தலைவர் கேட்கவில்லை.

"பெரியவங்களுக்கு மட்டும்னு ஒரு துண்டுச்சீட்டு அடிச்சுக் கையேட்டுல ஒட்டிடுங்க. தெரிஞ்சு வர்றவங்க வரட்டும்."

செயலாளர் ஒட்டினார். தன் கையாலேயே பசை தடவி ஒட்டினார். குடிநீர்க் குழாய்க் கசிவுகளை விரிவாகக் காட்டும் படம், வயது வந்தவர்களுக்கு மட்டும். இந்தச் செய்தி ஊரில் பரவிய வேகத்தில் குடிநீர் என்றைக்கும் பரவியதில்லை. மறுநாள் மதியத்துக்குள் ஒரு அனுமதிச்சீட்டு மிச்சமில்லை. குழாய்ப் பணியாளர் சங்கம் இன்னும் நாற்பது கேட்டது. பதினெட்டு வருடமாகச் செயலாளரின் சினிமாப் பைத்தியத்தைக் கேலி செய்துகொண்டிருந்த அலுவலக மேலாளர், அவர் மேசைக்கே வந்து நின்று, எனக்கு எப்பவுமே கலைப்படம்னா உயிர், ரெண்டு சீட்டு கிடைக்குமா என்று மெதுவாகக் கேட்டார்.

வெள்ளிக்கிழமை தலைவர் போன் செய்து, முதல் வரிசையில் நடுவில் மூன்று இருக்கைகளை எடுத்து வைக்கச் சொன்னார்.

"என் பையன் வர்றான்," என்றார். "ஏழு வருஷம் ஆச்சு இந்த வீட்டு வாசப்படிய மிதிச்சு. நான்தான் ஏதோ பேசி அனுப்பிட்டேன். இப்ப வரேன்னு சொல்லிட்டான். உங்களுக்குத்தான் நன்றி சொல்லணும், செயலாளரே. உங்க சுருக்கத்த எப்படிப் படிக்கணும்னு எனக்கு லேட்டாதான் புரிஞ்சுது."

செயலாளர் போனை வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். இனித் தன் மானம் மட்டுமல்ல. ஏழு வருடம் கழித்து வரும் மகனுக்கு முன்னால், பழைய சகாக்களுக்கு முன்னால், ஊருக்கு முன்னால், இந்தப் பெரியவரின் தலையும் உருளும். குழாய் என்று நம்பி எல்லோரையும் கூட்டிவைத்திருக்கிறார் பாவம். இந்தப் படத்தைத் தேடிப் பிடித்தவன் யார் என்று அப்புறம் கேட்பார்கள். மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். யோசிக்க யோசிக்க அவருக்கு ஒரே வழிதான் தெரிந்தது.

அலுவலக அலமாரியில் ஒரு டிஸ்க் இருந்தது. வெள்ளச் சேத மனுக்களை ஆய்வு செய்கிறவர்களுக்கான பயிற்சிப் படம். 'நிலத்தடிக் குழாய்களில் கசிவைக் கண்டறிதல்.' ஒரு மணி நாற்பது நிமிடம். கையேட்டில் எழுதிய ஒவ்வொரு சொல்லும் அந்தப் படத்துக்கு அப்படியே பொருந்தியது.

சனிக்கிழமை ஐந்தேகால் மணிக்கு அதை எடுத்துக்கொண்டு அரங்கின் மாடியிலிருந்த புரொஜெக்டர் அறைக்கு ஏறினார். ஆபரேட்டர் அங்கே தனிக்காட்டு ராஜா. விழாவுக்கு வரும் எல்லா டிஸ்க்கையும் ஒரு மாதம் முன்பே வாங்கி வைத்துக்கொண்டு, முதலிலிருந்து கடைசிவரை ஓட்டிச் சரிபார்ப்பவர். யாரோடும் அதிகம் பேச மாட்டார்.

"அந்தப் படம் வேண்டாம். இதப் போடுங்க," என்றார் செயலாளர்.

ஆபரேட்டர் டிஸ்க்கை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "தலைவருக்குத் தெரியுமா சார்?"

"தலைவர்தான் மாத்தச் சொன்னார்."

"தலைவரேவா?"

"ஆமா. கடைசி நேரத்துல மனசு மாறிடுச்சு. நீங்க அவர்கிட்ட எதுவும் கேக்க வேண்டாம், சங்கடப்படுவார்."

ஆபரேட்டரின் முகம் சுருங்கியது. கடைசி நேரத்தில் வேலை வைத்த எரிச்சல் என்று செயலாளர் நினைத்துக்கொண்டார். அவர் வேறொன்றும் கேட்காமல் டிஸ்க்கை மாற்றினார்.

அரங்கம் நிரம்பி வழிந்தது. வாரியத்துக்காரர்கள் ஒரு பக்கம், குழாய்ப் பணியாளர்கள் ஒரு பக்கம், நடுவில் மேலாளர் கறுப்புக் கண்ணாடியோடு. அந்த ஆறு பேரும் வந்திருந்தார்கள். வழக்கம்போல மூலைக்கொருவராகத்தான் உட்கார்ந்தார்கள். ஆனால் முதல் தடவையாக அவர்களுக்கு இரண்டு பக்கமும் ஆட்கள் இருந்தார்கள். குடைக்காரர் குடையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

தலைவர் புதுச் சட்டையில் இருந்தார். அவர் மகனுக்கு நாற்பது வயதிருக்கும், அப்பாவின் அதே அகன்ற நெற்றி. கூடவே இன்னொருவர் வந்திருந்தார். தலைவர் செயலாளரின் கையைப் பிடித்துக்கொண்டு, "என் பையன். இவர்..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். "படம் முடியட்டும். மேடையில வெச்சு எல்லாருக்கும் சேர்த்தே சொல்லிடறேன்."

தலைவரின் கை ஈரமாக இருந்தது. இந்த மனிதரைத்தான் எவ்வளவு பெரிய அவமானத்திலிருந்து காப்பாற்றியிருக்கிறோம் என்று செயலாளருக்கு நெஞ்சு நிறைந்தது. மகனோடு வந்தவர் தன் சட்டைப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்துக் கொடுக்க, மகன் அதைப் பார்க்காமலே வாங்கி மாட்டிக்கொண்டான். விளக்கு அணைந்தது.

திரையில் ஒரு குழாய் வந்தது. அப்புறம் குழாயின் குறுக்குவெட்டு. குழாய் வகைகள் நான்கு என்றது ஒரு குரல்.

தலைவர் திரும்பி மாடியைப் பார்த்தார். பிறகு இருட்டில் செயலாளரைத் தேடினார். செயலாளர் கதவுத் திரைக்குப் பின்னால் நகர்ந்துகொண்டார். எழுந்து வந்து சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தார். தலைவர் எழுந்திருக்கவில்லை. நேராகத் திரும்பி, முழங்காலில் கைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மற்றவர்கள் பொறுமையாகக் காத்திருந்தார்கள். வயது வந்தவர்களுக்கு மட்டும் என்று போட்டிருக்கிறதே, ஆரம்பத்திலேயேவா வரும்? நாற்பதாவது நிமிடத்தில் இரண்டு பணியாளர்கள் சட்டையைக் கழற்றிவிட்டு ஒரு பள்ளத்துக்குள் இறங்கினார்கள். அரங்கத்தில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. மேலாளர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். பத்து நிமிடம் கழித்து அவர்கள் ஒரு துருப்பிடித்த வால்வோடு மேலே ஏறி வந்தார்கள். கலைப்படம் அப்படித்தான் இருக்கும், கடைசியில்தான் வரும் என்று மேலாளர் பக்கத்திலிருந்தவரிடம் விளக்கினார். ஒருவரும் எழுந்து போகவில்லை. எழுந்து போனால் அதற்காகத்தான் வந்தது என்று ஆகிவிடும்.

படம் முடிந்தபோது கைதட்டல் கூரையைப் பிளந்தது. குழாய்ப் பணியாளர்கள் நின்றுகொண்டே தட்டினார்கள். தங்கள் வேலையை இவ்வளவு மரியாதையாக ஒரு படத்தில் பார்த்ததே இல்லை என்று பணியாளர் சங்கத் தலைவர் கண் கலங்கினார். செயலாளரின் மனைவி வாசலில் வந்து நின்றார்.

"நல்லா இருந்துச்சுங்க. வாஷர்தான் போயிருக்கு, நானே மாத்திடுவேன். இத்தனை வருஷமா என்னை ஏன் கூட்டிட்டு வரல?"

செயலாளர் கதவைப் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்கு வழிவிட்டார்.

கூட்டத்தோடு அந்த ஆறு பேரும் வெளியே போனார்கள். குடைக்காரர் மட்டும் நின்றார். பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாக வாய் திறந்தார்.

"வியாழக்கிழமை காலையில ஏதாவது உண்டா?"

"இல்ல. இந்த வருஷம் இல்ல."

அவர் தலையாட்டிவிட்டு, கையேட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

தலைவர் மேடை ஏறவில்லை, யாரையும் யாருக்கும் அறிமுகம் செய்யவுமில்லை. மகனும் கூட வந்தவரும் ஏற்கெனவே படியிறங்கிக்கொண்டிருந்தார்கள். மகன் அப்பாவிடம் ஏதோ சுருக்கமாகச் சொன்னான். தலைவர் அவன் கையைப் பிடிக்கப் போனார். அதற்குள் அவன் அதைப் பைக்குள் விட்டிருந்தான். தலைவர் தனியாகத் திரும்பி வந்தார். செயலாளர் தயாராக வைத்திருந்த மன்னிப்பை, டிஸ்க் மாறிவிட்டது என்ற கதையை எடுத்துவிட வாயைத் திறந்தார்.

"பரவாயில்ல," என்றார் தலைவர். "அவங்களுக்கு ரயிலுக்கு நேரமாச்சாம். வீட்டுக்கு வரல." புதுச் சட்டையின் மேல் பட்டனைக் கழற்றிவிட்டுக்கொண்டார். "குழாய் வகை நாலு இல்ல, அஞ்சு. அதை மட்டும் திருத்திடச் சொல்லுங்க."

அவர் வாசலைத் தாண்டிப் போகும்வரை செயலாளர் பார்த்துக்கொண்டிருந்தார். கோபம்கூடப் படவில்லை, பெரிய மனிதர். எப்படியோ ஒரு கண்டத்தைத் தாண்டியாயிற்று. உடம்பு லேசாகிவிட்டது போலிருந்தது. டிஸ்க்கைத் திங்கட்கிழமை அலமாரியில் வைத்துவிட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி மாடிக்கு ஏறினார்.

ஆபரேட்டர் இரண்டு டிஸ்க்கையும் மேசைமேல் எடுத்து வைத்திருந்தார். பனி தேசத்துப் படத்தின் உறையைத் துணியால் துடைத்து, செயலாளரிடம் நீட்டினார்.

"தலைவருக்கு ஏன் சார் கடைசி நேரத்துல மனசு மாறிச்சு? போன மாசம் இங்க வந்து ரெண்டு தடவ இந்தப் படத்த முழுசாப் பாத்துட்டு, 'என் பையனையும் அவன் கட்டிக்கிட்ட பையனையும் பக்கத்துல உக்கார வெச்சு, ஊரே பாக்க இதப் பாக்கணும்'னு அப்படி அழுதாரே."